டியாகோ கார்சியா: ஆளில்லாத தீவா? ஆள் ஒழிக்கப்பட்ட தீவா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றலாம். எங்கேயோ நடுச் சமுத்திரத்தில் கிடக்கும் ஒரு தீவு. அதில் அமெரிக்கக்காரன் ஒரு ராணுவத் தளம் வைத்திருக்கிறான். இதைப்பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால், பிறந்த மண்ணைவிட்டு ஒரு கூட்டத்தாரைத் துரத்துவதற்குச் சட்டமும், கோர்ட்டும், உடன்படிக்கையும் எப்படி எப்படியெல்லாம் பயன்படுத்தப்படுகின்றன என்பதைக் கண்ணாடிபோல் பார்க்க வேண்டுமானால், இந்தத் தீவின் கதையைப்போல் மற்றொன்று கிடைப்பது அரிது என்பது நமது அபிப்பிராயம். அதிலும் இந்தக் கதையில் தமிழனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குமரி முனையிலிருந்து தென்மேற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் கடலில் போனால் சாகோஸ் என்னும் தீவுக்கூட்டம் வரும். எல்லாம் பவழப் பாறையின்மேல் கடல் மட்டத்திற்குக் கொஞ்சம் மேலாக நிற்கும் சிறு திட்டுகள். அவைகளில் பெரியது டியாகோ கார்சியா. பெரியது என்றால் ஒரு ஜில்லா அளவு என்று நினைத்துவிடாதீர்கள். குதிரை லாடம்போல் வளைந்து கிடக்கும் நிலம், மொத்தம் சுமார் 30 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அந்த லாடத்தின் நடுவில் இருக்கிற நீர்நிலை பெரிய யுத்தக் கப்பல்கள் வந்து நங்கூரம் பாய்ச்சக்கூடியது. ஆப்பிரிக்காவுக்கும், அரபு நாடுகளுக்கும், இந்தியாவுக்கும், கிழக்குத் தீவுகளுக்கும் நடுவில் இருக்கிறது. இந்த இரண்டு யோக்கியதாம்சங்களும்தான் அந்தத் தீவு ஜனங்களுக்கு எமனாக முடிந்தது.

அந்த ஜனங்கள் யார் என்று கேட்பீர்கள். போர்த்துக்கீசியர் 16-வது நூற்றாண்டில் இந்தத் தீவுகளைக் கண்டபோது அங்கே மனிதர் இல்லை. 18-வது நூற்றாண்டின் கடைசியில் மொரீஷியசை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தென்னந்தோப்பு வைத்தார்கள். தோப்பில் வேலை செய்ய மடகாஸ்கரிலிருந்தும், ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1814-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கைப்படி மொரீஷியசும் அதைச் சேர்ந்த தீவுகளும் பிரிட்டிஷார் கைக்கு வந்தன. பின்னர் அடிமைத்தனம் சட்டத்தில் எடுபட்டது. எடுபட்ட இடத்தில் கூலி ஒப்பந்தம் வந்தது. அப்போது இந்தியாவிலிருந்தும், அதிலும் முக்கியமாகத் தென்னிந்தியாவிலிருந்தும், கொஞ்சம் பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இவர்களெல்லாம் கலந்து ஒரு ஜனமாய், ஒரு கிரியோல் பாஷை பேசிக்கொண்டு, கொப்பரை உரித்து, மீன் பிடித்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, செத்தவர்களை அங்கேயே புதைத்து, தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து வந்தார்கள். 1960-களில் அவர்கள் தொகை 1,500-க்கும் 2,000-க்கும் இடையில் இருக்கும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அவர்கள் சுகபோகமாய் வாழ்ந்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தோட்ட முதலாளி வைத்ததுதான் கூலி, தோட்ட முதலாளி வைத்ததுதான் கடை. ஆனால் அது அவர்கள் ஊர்.

நிற்க, அமெரிக்காவுக்கு இந்தத் தீவின்மேல் எப்போது கண் விழுந்தது என்று பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பிறகு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒவ்வொரு நாடாக விடுதலை பெற்று வந்தது. விடுதலை பெற்ற நாட்டில் தளம் வைத்தால், "காலி செய்" என்று என்றைக்காவது ஒருநாள் சொல்லிவிடுவான் அல்லவா? ஆகவே, காலி செய் என்று சொல்ல ஆளே இல்லாத இடமாய் வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் தேடினார்கள். 1964-ல் இரண்டு சர்க்காரும் லண்டனில் கூடிப் பேசி, அந்த வருஷமே தீவுகளைச் சுற்றிப் பார்த்து அளந்தும் வந்தார்கள். டியாகோ கார்சியா பிடித்துவிட்டது. இரண்டு இடைஞ்சல்கள்தான் இருந்தன. ஒன்று, அது மொரீஷியஸ் காலனியைச் சேர்ந்தது. மொரீஷியசுக்கோ சுதந்திரம் கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. மற்றொன்று, அங்கே ஆட்கள் இருந்தார்கள். இந்த இரண்டு இடைஞ்சல்களையும் நீக்கிய விதம்தான் இன்றைய நமது விஷயம்.

முதல் இடைஞ்சலை நீக்கிய விதத்தைக் கேளுங்கள். 1960-ம் வருஷம் டிசம்பர் மாதம் 14-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபை 1514-வது எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒரு காலனிக்கு விடுதலை கொடுக்கும்போது அதைத் துண்டு போட்டுக் கொடுக்கக்கூடாது என்பது அதில் அடங்கிய விஷயம். ஆனால் 1965 செப்டம்பரில் மொரீஷியஸ் தலைவர்களை லண்டனுக்குக் கூப்பிட்டு அரசியல் சட்ட மாநாடு நடத்தினபோதே, சாகோஸ் தீவுகளைக் கழற்றிக்கொள்ளும் பேச்சும் நடந்தது. செப்டம்பர் 23-ந் தேதி காலையில் பிரதம மந்திரி ஹெரால்டு வில்சன், மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலமைத் தனியாய்ச் சந்தித்தார். சந்திப்புக்கு முன் வில்சனுக்கு அவருடைய காரியதரிசி எழுதிக்கொடுத்த குறிப்பு பிற்காலத்தில் வெளிவந்துவிட்டது. ராம்கூலமுக்கு நம்பிக்கையைக் காட்டியே பயமுறுத்த வேண்டும், அதாவது சுதந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம், தீவு விஷயத்தில் புத்தியாய் நடந்துகொள்ளாவிட்டால் கிடைக்காமலே போகலாம் என்ற பயம் மறுபக்கம் என்பது அதன் சாரம். அன்று சாயங்காலத்திற்குள் ராம்கூலமும் மற்றவர்களும் கொள்கையளவில் சம்மதித்துவிட்டார்கள். 30 லட்சம் பவுன் நஷ்டஈடு என்று முடிவாயிற்று.

தோழர்களே! ஒருவனைச் சிறையில் வைத்துக்கொண்டு, "உன் வீட்டுக் கொல்லையை எழுதிக் கொடுத்தால் கதவைத் திறப்பேன்" என்று சொல்லி எழுதி வாங்கினால், அந்தப் பத்திரம் எந்த ஊர் கோர்ட்டில் செல்லும்? நமது ஊர் முனிசீப் கோர்ட்டிலாவது செல்லுமா? ஆனால் ராஜ்யத்துக்கு ராஜ்யம் இப்படி எழுதி வாங்கினால் அது "உடன்பாடு" ஆகிவிடுகிறது.

1965-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி, பார்லிமெண்டில் விவாதமின்றி, அரசியின் பெயரால் பிறப்பித்த உத்தரவு ஒன்றினால் "பிரிட்டிஷ் இந்து சமுத்திரப் பிரதேசம்" என்று ஒரு புதுக் காலனி உண்டாயிற்று. உலகமெல்லாம் காலனிகள் எடுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் புதிதாய் ஒரு காலனி பிறந்தது! அடுத்த மாதம் 16-ந் தேதியே ஐக்கிய நாடுகள் சபை 2066-வது எண் தீர்மானத்தின் மூலம், மொரீஷியசைத் துண்டாட வேண்டாம் என்று பிரிட்டனைக் கேட்டுக்கொண்டது. கேட்டவர்கள் கேட்டார்கள், செய்தவர்கள் செய்தார்கள். 1966 டிசம்பர் 30-ந் தேதி அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் கடிதப் பரிமாற்ற ஒப்பந்தம் ஏற்பட்டது. 50 வருஷ காலம், அதன் மேல் 20 வருஷம் நீடிக்கலாம், வாடகை கிடையாது. வாடகை இல்லாமல் பிரிட்டிஷ் சர்க்கார் தீவைக் கொடுத்தது என்ன தாராளம் என்று நினைக்கிறீர்களா? பொலாரிஸ் என்னும் அணு ஆயுத ஏவுகணை வாங்கியதில் பிரிட்டன் கொடுக்க வேண்டிய தொகையில் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை ரகசியமாய்த் தள்ளிக் கொடுக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டசபைக்கும் தெரியாது, பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கும் தெரியாது. எழுபதுகளின் நடுவில்தான் இந்த விஷயம் வெளியே வந்தது.

இனி இரண்டாவது இடைஞ்சல், அதாவது மனிதர்கள். இதைத்தான் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சாசனத்தில் 73-வது ஷரத்து என்று ஒன்று உண்டு. தன் கைக்குள் இருக்கும் தேசத்து ஜனங்களின் நலனை ஆளுகிறவர்கள் ஒரு புனிதமான பொறுப்பாக ஏற்று, அவர்களைப் பற்றிய விவரங்களைச் சபைக்கு அனுப்பிவர வேண்டும் என்பது அதன் கருத்து. "புனிதம்" என்ற வார்த்தை எங்கே வந்தாலும் ஏமாற்றுவதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்பது நமக்குப் பழக்கமான விஷயம். இங்கேயும் அப்படியே ஆயிற்று. தீவில் நிரந்தரக் குடிகள் இருந்தால் அல்லவா இந்தப் பொறுப்பு? நிரந்தரக் குடிகளே இல்லை என்று சொல்லிவிட்டால்? ஆகவே பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர்கள் உட்கார்ந்து யோசித்து, அங்கே இருப்பவர்கள் எல்லாரும் மொரீஷியசிலிருந்தும் செஷெல்சிலிருந்தும் வந்து போகும் ஒப்பந்தக் கூலிகள்தான் என்று உலகத்துக்குச் சொல்லுவதென்று முடிவு செய்தார்கள். கல்லறைகளில் பாட்டன், முப்பாட்டன் பெயர் இருக்கிறது. கோவில் புத்தகத்தில் பிறந்த தேதி இருக்கிறது. இருந்தால் என்ன? ஒரு கடுதாசியில் "கூலி" என்று எழுதிவிட்டால், குடி கூலியாகிவிடுகிறான். மனிதனுக்குப் பெயர் வைக்கிற அதிகாரம் யாரிடத்தில் இருக்கிறதோ, அவனிடத்தில்தான் அந்த மனிதனின் கதியும் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? இந்த வித்தை நமது நாட்டில் புதிதல்ல என்பதை மாத்திரம் சொல்லி மேலே போகிறோம்.

1966 ஆகஸ்டில் லண்டன் வெளிநாட்டு இலாகாவின் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் எழுதிய குறிப்பு இருக்கிறது. இந்தக் காரியத்தின் நோக்கமே நம்முடையதாக நிலைக்கும் சில பாறைகளைப் பெறுவதுதான், அங்கே கடற்காக்கைகளைத் தவிர வேறு சுதேசிகள் இருக்கமாட்டார்கள், கடற்காக்கைகளுக்கு இன்னும் கமிட்டி ஏற்படவில்லை என்று பரிகாசம் செய்து எழுதினார். அதற்குக் கீழே மற்றொரு உத்தியோகஸ்தர், துரதிர்ஷ்டவசமாய்ப் பறவைகளோடு சில டார்ஜான்களும் வெள்ளிக்கிழமைகளும் சேர்ந்திருக்கிறார்கள், அவர்கள் எங்கிருந்து வந்தார்களோ தெளிவில்லை, மொரீஷியசுக்கு அனுப்பிவிடலாம் என்ற கருத்தில் எழுதி வைத்தார். வெள்ளிக்கிழமை என்பது ராபின்சன் குரூசோ கதையில் வெள்ளைக்காரன் தன் ஏவலாளுக்கு வைத்த பெயர். அந்த ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெளிவில்லையாம்! கப்பலில் போட்டுக் கொண்டுவந்தவன் ஐரோப்பியன். விற்றவனும் வாங்கினவனும் அவனே. கணக்கு வைத்திருந்தவனும் அவனே. அவனுக்குத்தான் தெளிவில்லையாம்!

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இதே புதுக் காலனியில் அல்டாப்ரா என்ற தீவும் அப்போது சேர்க்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு விமானத்தளம் கட்ட வேண்டும் என்று பிரிட்டன் யோசித்தது. அந்தத் தீவில் பெரிய பெரிய ஆமைகளும் அபூர்வமான பறவைகளும் இருந்தன. லண்டன் விஞ்ஞானிகள் எல்லாம் சேர்ந்து பெரிய கிளர்ச்சி செய்தார்கள். சர்க்காருக்குப் பணமுடையும் சேர்ந்துகொண்டது. 1967-ல் அந்த யோசனை கைவிடப்பட்டது. விஞ்ஞானிகள் செய்தது நல்ல காரியமே. ஆமைகள் பிழைத்தது நமக்கும் சந்தோஷந்தான். ஆனால் ஆமைக்குப் பரிந்து பேச ஆள் இருந்தது போல, டியாகோ கார்சியா மனிதனுக்குப் பேச அன்று லண்டனில் ஒருவரும் இல்லை.

பிறகு என்ன நடந்தது? 1967-ல் தோட்டக் கம்பெனியின் நிலங்களை எல்லாம் பிரிட்டிஷ் சர்க்கார் 6,60,000 பவுனுக்கு வாங்கிற்று. 1968 முதல், வைத்தியத்துக்காகவும் உறவினரைப் பார்க்கவும் மொரீஷியசுக்கு வந்த தீவுக்காரர்கள் திரும்பிப் போகக் கப்பல் கேட்டபோது, இனிமேல் உங்கள் தீவு இல்லை, விற்றாகிவிட்டது என்று பதில் வந்தது. இப்படித் தவித்துப்போனவர்களில் ரீட்டா பான்கூல்ட் என்ற அம்மையாரும் ஒருவர். காயம்பட்ட பெண் குழந்தைக்கு வைத்தியம் பார்க்க வந்தார், குழந்தை இறந்தது, ஊருக்குப் போக வழியில்லை. அவருடைய கைப்பிள்ளையாய் வந்த நாலு வயதுப் பையன் ஒலிவியே பிற்காலத்தில் பிரிட்டிஷ் சர்க்காரையே கோர்ட்டுக்கு இழுத்தவர். தீவில் மிச்சமிருந்தவர்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுவரும் கப்பல்கள் வரவரக் குறைந்தன.

1971-ல் அந்தக் காலனியின் கமிஷனர் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் தீவில் இருக்கக்கூடாது என்பது சட்டம். பிறந்த ஊரில் இருக்க அனுமதிச் சீட்டு! முதலில் நாய்களைக் கொன்றார்கள். வீட்டுக்கு வீடு வளர்த்த நாய்கள், சுமார் ஆயிரம் இருக்கலாம் என்று சொல்லுகிறார்கள். சுட்டுப் பார்த்து, விஷம் வைத்துப் பார்த்து, கடைசியில் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, ராணுவ லாரிகளின் புகையை உள்ளே விட்டுக் கொன்று எரித்தார்கள். குழந்தைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு ஜனங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். கையில் எடுத்துப்போகக்கூடிய மூட்டையோடு, கொப்பரை ஏற்றும் கப்பலில் போனார்கள். டியாகோ கார்சியா 1971-ல் காலி. பெரோஸ் பானோஸ், சாலமன் என்ற மற்ற இரண்டு தீவுகளும் 1973-க்குள் காலி. கடைசியாய் வந்தவர்களில் சில குடும்பத்தார் மொரீஷியஸ் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஊரில் அவர்களுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. தென்னந்தோப்பு வேலையைத் தவிர வேறு தெரியாதவர்களுக்கு, தென்னந்தோப்பு இல்லாத ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்?

மொரீஷியஸ் சர்க்காரை மாத்திரம் நாம் புனிதர்களாக்கிவிட வேண்டியதில்லை. இவர்களுக்காக என்று 1972-ல் பிரிட்டன் கொடுத்த 6,50,000 பவுனை அந்தச் சர்க்கார் வாங்கி வைத்துக்கொண்டு, 1977 கடைசி வரையில் பங்கிடவில்லை. பணம் கைக்கு வரும்போது விலைவாசி ஏறி அதன் மதிப்பும் கரைந்துவிட்டது. சொந்த நிறத்தவன், சொந்த நாட்டவன் என்பதனாலேயே ஒருவன் யோக்கியனாகிவிடுவதில்லை.

1975-ல் லண்டன் ஹைகோர்ட்டில் முதல் வழக்குப் போட்டவர் மிஷேல் வெங்கடாசன் என்பவர். பெயரைக் கவனித்தீர்களா? முன் பாதி பிரெஞ்சு. பின் பாதி நம்ம ஊர் வேங்கடேசன் பிரெஞ்சுக்காரன் வாயில் புகுந்து வந்ததுபோல் இருக்கிறது. கூலிக் கப்பலில் ஏறிய யாரோ ஒரு பாட்டனின் பெயர் மாத்திரம் மிஞ்சியது போலும். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மொரீஷியஸ் தெருக்களில் தீவுப் பெண்கள் ஊர்வலம் போனார்கள், பட்டினி கிடந்தார்கள், போலீசாரோடு மோதிச் சிறைக்கும் போனார்கள். சார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தலாத் முதலிய அம்மைமார்கள் முன்னின்று நடத்திய கிளர்ச்சி அது. ஆண்கள் வேலை போய்விடும் என்று அஞ்சி ஒதுங்கிய இடத்தில் பெண்கள் நின்றார்கள் என்பதை இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். அதன் பலன்தான் 1982-ல் கிடைத்த 40 லட்சம் பவுன். ஆனால் பணம் வாங்கும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். காகிதம் இங்கிலீஷில், அதுவும் வக்கீல் இங்கிலீஷில் இருந்தது. பெரும்பாலோர் கைநாட்டு வைத்தவர்கள். இனித் திரும்பிப் போகும் உரிமை கேட்கமாட்டோம் என்று அதில் எழுதியிருந்த விஷயம் தங்களுக்குத் தெரியாது என்று பின்னால் சொன்னார்கள். இங்கிலீஷ் தெரியாதவன் இங்கிலீஷில் வைக்கும் கைநாட்டும், சமஸ்கிருதம் தெரியாதவன் சமஸ்கிருதத்தில் சொல்லும் சங்கல்பமும் ஒரே மாதிரிதான்.

பின்னர் ஒலிவியே பான்கூல்ட் கோர்ட்டுக்குப் போனார். 2000-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி லண்டன் ஜட்ஜுகள், 1971-ம் வருஷத்துச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி இவைகளுக்காகச் சட்டம் செய்யலாம் என்றுதானே கமிஷனருக்கு அதிகாரம்? நல்லாட்சி என்பது ஜனங்களை ஆளுவது; ஜனங்களை அப்புறப்படுத்துவது எப்படி நல்லாட்சி ஆகும் என்பது அந்தத் தீர்ப்பின் நியாயம். பச்சைக் குழந்தைக்கும் விளங்கும் இந்த நியாயம் கோர்ட்டில் வெளிப்பட 29 வருஷம் பிடித்தது. அப்போதைய வெளிநாட்டு மந்திரி ராபின் குக் அப்பீல் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் 2004 ஜூன் மாதத்தில், மறுபடியும் பார்லிமெண்டுக்குப் போகாமல், அரசியின் பெயரால் புது உத்தரவு வந்தது. தீவில் வாழ யாருக்கும் உரிமை இல்லை என்று அது சொல்லிற்று. கீழ்க் கோர்ட்டுகள் இரண்டிலும் தீவுக்காரர்கள் ஜெயித்தார்கள். 2008 அக்டோபர் 22-ந் தேதி பிரபுக்கள் சபை ஜட்ஜுகள் ஐவரில் மூவர் சர்க்கார் பக்கம், இருவர் தீவுக்காரர் பக்கம். ஒரு ஜட்ஜு மனம் மாறியிருந்தால் ஒரு ஜனம் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

2010-ல் அந்தக் கடல் முழுவதையும், டியாகோ கார்சியாவைச் சுற்றிய பகுதி நீங்கலாக, மீன் பிடிக்கக்கூடாத பாதுகாப்புக் கடல் என்று பிரிட்டன் அறிவித்தது. மீனுக்கும் பவழத்துக்கும் திடீரென்று இந்தக் கருணை ஏன் என்று எல்லோரும் அதிசயித்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகத் தந்தி ஒன்றில் காரணம் இருந்தது. கடலைப் பாதுகாப்பு இடமாக்கிவிட்டால் தீவுக்காரர்கள் திரும்பி வருவது நடைமுறையில் முடியாமற் போகும் என்று பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர் 2009-ல் அமெரிக்கரிடம் சொன்னதாக அதில் எழுதியிருந்தது. "வெள்ளிக்கிழமைகள்" என்ற வார்த்தையும் அதில் இருந்தது. 43 வருஷம் கழிந்தும் இலாகாவுக்கு அந்தப் பெயர் மறக்கவில்லை! 2015 மார்ச்சு 18-ந் தேதி சர்வதேசக் கடல் சட்டப்படி அமைந்த மத்தியஸ்தர் மன்றம், அந்தப் பாதுகாப்புக் கடல் மொரீஷியசின் உரிமைகளை மதிக்காமல் செய்யப்பட்டது, சட்டவிரோதம் என்று சொல்லிற்று.

இந்தக் காலமெல்லாம் தளம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். 1991-ல் ஈராக்குக்கும், 2001-ல் ஆப்கானிஸ்தானுக்கும், 2003-ல் மறுபடியும் ஈராக்குக்கும் குண்டு போடும் விமானங்கள் அங்கிருந்து பறந்தன. ரகசியமாய்ப் பிடிக்கப்பட்ட கைதிகளை ஏற்றிப்போன அமெரிக்க விமானங்கள் 2002-ல் இரண்டு தடவை அங்கே இறங்கினதாக 2008 பிப்ரவரியில் பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி டேவிட் மிலிபாண்ட் பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார். அதற்கு முன் வரையில் அப்படி நடக்கவே இல்லை என்று அதே சர்க்கார் சாதித்து வந்தது.

தளம் இருந்தால் உலகத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்லுகிறவர்களும் உண்டு. வாதத்துக்கு அதை ஒப்புக்கொள்ளுவோம். தளத்துக்கு வேண்டியது டியாகோ கார்சியாவில் ஒரு பாகம். பெரோஸ் பானோசும் சாலமனும் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தூரத்தில் இருக்கின்றன. அங்கே இருந்த கிழவனும் கிழவியும் தேங்காய் உரித்தால் எந்த அணுகுண்டு விமானம் பறக்காமல் நின்றுவிடும்? மேலும் தளத்தில் சமையல் செய்யவும், துணி வெளுக்கவும், பெருக்கவும் பிலிப்பைன்சிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆட்களை அழைத்துவந்து வைத்தார்களே, அவர்களால் வராத ஆபத்து அந்த மண்ணில் பிறந்தவனால் மாத்திரம் எப்படி வரும்? வேறு ஒன்றும் இல்லை. வந்த கூலியைத் திருப்பி அனுப்பலாம். பிறந்தவன் உரிமை கேட்பான்.

நிற்க, தமிழன் பங்கு என்று சொன்னோம். 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் 89 பேர், குழந்தைகள் உள்பட, கனடாவுக்குப் போக எண்ணி ஏறிவந்த மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதாகி, பிரிட்டிஷ் கப்பற்படையால் டியாகோ கார்சியாவில் கொண்டுபோய் விடப்பட்டது. ஊர்க்காரன் போகக்கூடாத ஊரில் இவர்கள் போய் இறங்கினார்கள்! வேலி போட்ட சிறு இடத்தில், கூடாரத்தில், எலிகளோடு வைத்தார்கள். 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கை எங்களை இங்கே கட்டாது என்பது சர்க்கார் கட்சி. பட்டினிப் போராட்டம் நடந்தது. சிலர் தங்களையே மாய்த்துக்கொள்ள முயன்றார்கள். 2024 டிசம்பரில் அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த மாதம் 16-ந் தேதி அந்தப் பிரதேசத்துக்கென்று இருக்கும் கோர்ட்டு, மூன்று வருஷமாய் அவர்களை வைத்திருந்தது சட்டவிரோதமான காவல் என்று தீர்ப்புச் சொல்லிற்று. பிரஜைக்குச் சட்டம் உண்டா என்றால் அங்கே பிரஜையே இல்லை. அகதிக்குச் சட்டம் உண்டா என்றால் அங்கே அந்தச் சட்டம் செல்லாது. பட்டாளத்துக்கு மாத்திரம் எல்லாச் சட்டமும் உண்டு. இப்படி ஓர் இடத்தை உலகப் படத்தில் வேண்டுமென்றே உண்டாக்கி வைத்திருந்தார்கள் என்பதற்கு நமது ஜனங்களே சாட்சியாகிவிட்டார்கள்.

இனித் தீவு யாருடையது என்ற கேள்வி. ஐக்கிய நாடுகள் சபை கேட்டுக்கொண்டதன்மேல், ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25-ந் தேதி தன் ஆலோசனைக் கருத்தைச் சொல்லிற்று. 1965-ல் நடந்த பிரிவினை மொரீஷியஸ் ஜனங்களின் சுயேச்சையான, உண்மையான இஷ்டத்தைக் காட்டவில்லை, ஆகையால் காலனி நீக்கம் சட்டப்படி முடிவடையவில்லை, பிரிட்டன் கூடிய சீக்கிரத்தில் தன் நிர்வாகத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்று 13 ஜட்ஜுகள் சொன்னார்கள், மாறுபட்டவர் ஒருவரே. அந்த வருஷம் மே 22-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் 116 நாடுகள் ஒரு பக்கமும், 6 நாடுகள் மறுபக்கமும் ஓட்டுக் கொடுத்து, ஆறு மாதத்தில் வெளியேறு என்று தீர்மானம் ஆயிற்று. ஆலோசனைதானே, கட்டுப்படுத்தாதே என்று பிரிட்டன் சொல்லிற்று. ஆறு மாதமும் கழிந்தது.

ஆனாலும் ஊர் வாயை எத்தனை நாள் மூட முடியும்? 2024 அக்டோபர் 3-ந் தேதி இரண்டு சர்க்காரும் ராஜி ஆகிவிட்டதாக அறிவித்தன. 2025 மே 22-ந் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதில் கண்டபடி தீவுகளெல்லாம் மொரீஷியசின் ஆட்சிக்கு உரியவை. டியாகோ கார்சியாவில் தளம் மாத்திரம் 99 வருஷக் குத்தகை. வருஷத்துக்குச் சராசரி 10 கோடியே 10 லட்சம் பவுன் குத்தகைப் பணம். தீவுக்காரர்களுக்காக 4 கோடி பவுன் நிதி. மற்றத் தீவுகளில் குடியேற்றம் செய்ய மொரீஷியசுக்கு உரிமை உண்டு. டியாகோ கார்சியாவில் இல்லை. 1966-ல் வாடகை இல்லாமல் கொடுத்த தீவுக்கு இந்த உடன்படிக்கையில் வாடகை பேசப்பட்டது என்பது உண்மையே. ஆனால் வாடகை பேசிய இரண்டு பேரில் ஒருவராவது அந்த வீட்டில் குடியிருந்தவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்களா? இல்லை. தீவுக்காரர்களிலும் சிலர் உடன்படிக்கையை ஆதரித்தார்கள், சிலர் எதிர்த்தார்கள். ஒலிவியே பான்கூல்ட் ஆதரித்தவர். பிரிட்டனில் கிராலி என்ற ஊரில் குடியேறி வாழ்பவர்களில் பலர் எதிர்த்தவர்கள். எது சரி என்று இங்கிருந்துகொண்டு நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அவர்களைக் கேட்கவில்லை என்பதுதான் நமது ஆட்சேபணை.

அந்த மே 22-ந் தேதி விடியுமுன் என்ன நடந்தது என்பதையும் சொல்லி நமது பேச்சை நிறுத்திக்கொள்ளுகிறோம். டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள், எங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று லண்டன் ஹைகோர்ட்டில் இரவோடு இரவாய்த் தடையுத்தரவு வாங்கினார்கள். காலையில் கையெழுத்துப் போட உட்கார வேண்டியவர்கள் உட்காராமல் காத்திருந்தார்கள். மறுபடி கோர்ட்டு கூடி, சர்க்கார் வக்கீலின் வாதத்தைக் கேட்டு, மத்தியானத்தில் தடையை எடுத்துவிட்டது. அதன்பின் கையெழுத்தாயிற்று. அந்த இரண்டு பெண்களும் கோர்ட்டு வாசலில் நின்றார்கள்.